தன் பங்குக்கு மட்டும்

வெந்நீரம்மா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே "வெந்நீர் போட்டாச்சா?" என்று கேட்பாள். பிள்ளை பிறந்த வீடானாலும் அதே கேள்விதான், உயிர் போன வீடானாலும் அதே கேள்விதான். அதனால் வந்த பெயர். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. "பச்சைத்தண்ணின்னு வைக்காம விட்டாங்களே" என்பாள்.

கணவன் சின்ன வயதிலேயே போய்விட்டான். பிள்ளையும் இல்லை, கையில் தொழிலும் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். படுத்தவரை எப்படிப் புரட்டினால் தன் முதுகு போகாது, எந்த இடத்தில் தோல் சிவந்தால் மறுநாள் புண் வரும், விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீரை எப்படி விடுவது, எல்லாம் அங்கே கற்றது. யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொண்டதும் ஒன்று உண்டு. நோயாளியின் தலைமாட்டில் நின்று அழுகிறவரை முதலில் சமையலறைக்கு அனுப்ப வேண்டும். அழுகை நோயாளிக்கு உதவாது. சமையலறையில் வேலை இருக்கும்.

பிறகு மையித்து, அதாவது இறந்தவர் உடல், குளிப்பாட்டும் வேலையும் அவளிடம் வந்தது. பெண் மையித்தைப் பெண்தான் குளிப்பாட்ட வேண்டும். அந்தத் தெருக்களில் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். சொந்தத் தாயின் உடலைத் தொடவே மகள்கள் நடுங்குவார்கள். வெந்நீரம்மா நடுங்கவில்லை. "உசுரோட இருக்கிறவங்கதான் கடிப்பாங்க, கிள்ளுவாங்க, திட்டுவாங்க. மையித்து என்ன செய்யும்? அதுக்கே ஆயிரம் கேள்வி காத்திருக்கு, நம்மளை எங்கே கவனிக்கும்" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டுவாள். கூலி வாங்கமாட்டாள்.

குளிப்பாட்டுகிறவளுக்கு மார்க்கத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த உடலில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. தழும்பு, வீக்கம், நாற்றம், பழைய சூடு, எதுவானாலும் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட வேண்டும். வெந்நீரம்மா இதில் கல்லு. அவளிடமிருந்து ஒரு சொல் பிடுங்கியவர் யாருமில்லை.

அவளுடைய நாத்தனாரோ நேர் எதிர். கணவனின் தங்கை. அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஊரே அவளை 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டது. காலையில் ஒரு வீட்டில் பால் திரிந்தால் மத்தியானத்துக்குள் அது எந்தக் கடைப் பால் என்பதுவரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். கெட்டவள் என்று சொல்ல முடியாது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் கஞ்சி கொண்டு போகிறவள் அவள்தான். திரும்பி வரும்போது அந்த வீட்டுச் செய்தியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள், அவ்வளவுதான்.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் கடைத்தெருவில் இருந்தார். அவருடைய ஒரே மகள், கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆனவள், காய்ச்சலில் படுத்தாள். புருஷன் வீட்டில் இன்றைக்கு விடும், நாளைக்கு விடும் என்று வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது இரத்தம் முழுக்கக் கெட்டிருந்தது. இரண்டாவது நாள் போய்விட்டாள். குளிப்பாட்ட வெந்நீரம்மாவைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் எடுத்து ஊற்ற ஓர் ஆள் வேண்டுமே என்று ரேடியோ தானாகவே வந்து நின்றாள்.

இரத்தத்தில் விஷம் ஏறினால் தோல் திட்டுத் திட்டாகக் கருக்கும். மூக்கு, உதடு, கன்னம், விரல் நுனி. ஆஸ்பத்திரியில் வெந்நீரம்மா இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ரேடியோ பார்த்ததில்லை. குவளையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன அண்ணி இது? முகம் இப்படி?"

"தண்ணியை ஊத்து."

"அண்ணி..."

"ஊத்துடி. கேள்வியை வெளிய போய் உன் புருஷன்கிட்ட கேளு."

அந்த அதட்டலைக் கொஞ்சம் குறைத்து, இது நோயின் வேலை என்று அங்கேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுமை நாளில் சில முகங்கள் வெளுக்கும், சில முகங்கள் கறுக்கும் என்று வேதம் சொல்கிறது. அது எல்லோரும் எழுப்பி நிறுத்தப்படும் நாளைப் பற்றிய பேச்சு. சனங்கள் அதைக் கொண்டுவந்து இங்கே குளிப்பாட்டும் பலகையில் கிடக்கும் தோலில் தேடுகிறார்கள். வெளுப்பாக இருந்தால் "பார்த்தியா, ஒளி வீசுது" என்பார்கள். கறுப்பாக இருந்தால் குரலைத் தாழ்த்துவார்கள். ரேடியோ தாழ்த்தின குரலோடுதான் வெளியே வந்தாள். முதலில் ஒருத்தியிடம் சொன்னாள். அவள் நம்பவில்லை. நம்பவைக்க வேண்டுமே, அதற்காக ஒரு வார்த்தையைச் சேர்த்தாள்: "நான் சொல்லலம்மா, குளிப்பாட்டின எங்க அண்ணியே சொன்னாங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒருநாளும் வாய் திறக்காதவளே சொல்லிவிட்டாள் என்றால் பொய்யாகவா இருக்கும்? அந்தப் பெண் என்ன செய்தாளோ என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். தாமதம் செய்த புருஷன் வீட்டாருக்கு அது வசதியாகப் போயிற்று. காய்ச்சலை யாரும் கேட்கவில்லை, நடத்தையைத்தான் கேட்டார்கள்.

பெண்ணின் தாய் ஒருநாள் வெந்நீரம்மாவின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் மக முகம் எப்படி இருந்துச்சு?"

"மையித்தைப் பத்தி நான் பேசுறதில்லைம்மா. யார்கிட்டயும் பேசினதில்லை."

"ஊருக்கெல்லாம் பேசிட்டு, என்கிட்ட மட்டும் பேச மாட்டீங்களோ?"

அப்போதுதான் வெந்நீரம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. தான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். தாய் நம்பவில்லை. சொல்லாதவள் ஏன் இப்போதும் பதில் சொல்ல மறுக்கிறாள் என்பதுதான் அந்த அம்மாளின் கணக்கு. மகள் நரகத்துக்குப் போய்விட்டாள் என்ற நினைப்போடு சில வருஷம் வாழ்ந்தாள், அந்த நினைப்போடே செத்தாள். அவளைக் குளிப்பாட்ட வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகு வெந்நீரம்மாவை மையித்துக்குக் கூப்பிடுவது அநேகமாக நின்றுபோனது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

செய்தது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது ரேடியோவுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், கல்யாணங்களில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ரேடியோவுக்கு ஈரல் கெட்டது. வயிறு பானை மாதிரி வீங்கியது, கண் மஞ்சளானது, உடம்பெல்லாம் அரிப்பு. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அவளுடைய மகன், ஃபிரிட்ஜ் மெக்கானிக், மாமியின் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். வெந்நீரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"வந்துட்டீங்களா வெந்நீரு," என்றாள் ரேடியோ, கண்ணைத் திறந்து. "அப்போ எனக்கு நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

"நேரம் வந்தா நான் கையுறையோட வருவேன். இப்போ எண்ணெயோடதான் வந்திருக்கேன். திரும்பு, முதுகைப் பார்க்கணும்."

முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தாள், குதிகால் மெத்தையில் படாமல் துணியைச் சுருட்டிக் கொடுத்தாள், சொறிந்து புண்ணாக்காமல் இருக்க நகத்தை ஒட்ட வெட்டினாள். மருமகளுக்கு எல்லாவற்றையும் ஒரு தடவை செய்துகாட்டினாள். அழுதவளைச் சமையலறைக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நாள் போனபின் ஒரு காலையில், முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ரேடியோ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணி, பொருந்திக்கோங்க."

அந்தச் சனங்களிடையே அது சாதாரண வார்த்தை. பயணம் போகிறவர் சொல்வார், சாகக் கிடப்பவர் சொல்வார். நான் உனக்குச் செய்ததையெல்லாம் மன்னித்து, என் மேல் உனக்குப் பாத்தியதை எதுவும் இல்லை என்று விட்டுவிடு என்று பொருள். தனக்கு மனிதன் செய்த பிழையை இறைவன் நாடினால் மன்னிப்பான். மனிதன் மனிதனுக்குச் செய்த அநியாயத்தை, அநியாயத்துக்கு ஆளானவன் விட்டால்தான் ஆகும். விடாவிட்டால் மறுமையில் அநியாயம் செய்த இவன் நன்மைகளை எடுத்து அவனுக்குக் கொடுப்பார்கள். நன்மை தீர்ந்துபோனால் அவன் பாவத்தை இவன் தலையில் போடுவார்கள். சின்ன வயதிலிருந்து எல்லோரும் கேட்டு வளர்ந்த விஷயம். படுக்கையில் விழுந்த பிறகுதான் காதுக்குள் போகிறது.

வெந்நீரம்மா துணியைப் பிழிந்தாள். "பொருந்திட்டேன். என் பங்கை விட்டுட்டேன். அல்லாஹ்வுக்காக விட்டேன், திரும்பக் கேட்கமாட்டேன். கையை விடு, காதுக்குப் பின்னாலே துடைக்கணும்."

ரேடியோ கையை விடவில்லை.

"அந்தப் பிள்ளை பங்கு? அவ அம்மா பங்கு?"

வெந்நீரம்மா மறு கையால் துணியைப் பேசினில் போட்டாள்.

"அவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடுங்க அண்ணி. நீங்க தொழுகை விட்டதில்ல, கூலி வாங்காம மையித்துக் குளிப்பாட்டினவங்க. நீங்க சொன்னா அல்லாஹ் கேட்பான்."

"அடியே, என்னைக் கொண்டுபோய் அவன் பக்கத்துல உட்காரவைக்காதே. என் இடம் இந்தக் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பேசின் பக்கத்துல. அவங்க பங்கு அவங்களோடது. நான் எப்படி விட முடியும்?"

"சும்மா சொல்லுங்களேன். என் மனசு அடங்கட்டும்."

இதுதான் சங்கடம். நோயாளிகளிடம் சும்மா சொல்வது வெந்நீரம்மாவுக்குப் புதிதில்லை. நாளைக்கு வலி குறையும் என்பாள், மகன் கிளம்பிட்டான் என்பாள், இந்த மருந்து கேட்கும் என்பாள். அதற்கெல்லாம் அவள் கணக்குப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் இவள் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் இந்த வார்த்தைக்குச் சொந்தக்காரர்கள் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் நின்று நான் மன்னித்தேன் என்று சொல்ல, மனிதர்கள் யாருக்கும் உரிமையில்லை. அந்த நாளின் அதிபதி ஒருவன்தான். இவளை இங்கே பொய்யில் தூங்கவைத்தால் அங்கே வெறுங்கையோடு விழிக்கவேண்டியிருக்கும்.

"சும்மா சொல்றதுக்கு இது கஞ்சியில உப்புப் போட்டாச்சான்னு கேட்கிற விஷயமில்ல," என்றாள். "அவ அப்பா இருக்கார். அவர்கிட்ட கேளு. அவர் பங்கையாவது அவர் விடலாம்."

"அவர்கிட்டயா? அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"இங்கே பார்க்கலைன்னா அங்கே பார்க்கணும்."

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மகன் அன்று மாலை மாமியிடம் வந்தான். "மாமி, அடங்கின மகான் ஒருத்தர் இருக்காராம். அவர் தர்காவுல போய் நேர்ந்துக்கிட்டு, அங்கேயிருந்து ஒரு கயிறு வாங்கி அம்மா கையில கட்டினா, அவரே அல்லாஹ்கிட்ட எடுத்துச் சொல்லிக்குவாராம். கூட வேலை பார்க்கிறவர் சொன்னார்."

வெந்நீரம்மா வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ரேடியோ கத்தினாள். உடம்பு போனாலும் அவள் காது போகவில்லை.

"டேய்! உசுரோட இருக்கிற எனக்கே பதில் சொல்ல வாய் வரல. செத்தவர் வந்து எனக்கு வக்கீல் வேலை பார்ப்பாரா? அவர் கேஸை அவர் பார்க்கட்டும். ஏற்கெனவே ஒரு மூட்டையைத் தூக்கிட்டுப் போறேன். அல்லாஹ்வுக்கு இணை வச்ச மூட்டையையும் தலையில ஏத்திவிடப் பார்க்கிறியா? போ, போய்க் கடிகாரக்காரரைக் கூட்டிட்டு வா."

அவர் உடனே வரவில்லை. கடை இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளையில், வந்தார். கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் அழுத்திய வட்டம் ஒரு கண்ணைச் சுற்றிப் பதிந்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மரியாதைக்காக "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

ரேடியோ எழுந்து உட்காரவேண்டும் என்று அடம்பிடித்தாள். வெந்நீரம்மா முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"உங்க மகளோட முகத்தைப் பத்தி ஊர்ல பேச்சு வந்துச்சே," என்றாள் ரேடியோ. "அதை அண்ணி சொல்லல. நான்தான் சொன்னேன். அண்ணி சொன்னதாச் சொன்னதும் நான்தான்."

அவர் அவளைப் பார்க்கவில்லை, வெந்நீரம்மாவைத்தான் பார்த்தார்.

"அப்போ கறுக்கலையா?"

வெந்நீரம்மா தன் வாழ்நாள் ஒழுங்கை அந்த நாற்காலியின் முன்னால் மீறினாள். "காய்ச்சல் முத்தி இரத்தம் கெட்டுப்போச்சுன்னா தோல் கறுக்கும். பச்சைக் குழந்தைக்கும் கறுக்கும். ஆஸ்பத்திரியில பார்த்திருக்கேன். உங்க மகளுக்கு இருந்தது நோய். வேறெதுவும் இல்ல. அவ நிலைமை அல்லாஹ்வுக்குத் தெரியும். தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அவன் யாரையும் வேலைக்கு வைக்கல."

"இதை என் பெண்டாட்டி உங்க வாசல்ல நின்னு கேட்டாளே."

"கேட்டாங்க."

"அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தா?"

வெந்நீரம்மா, சொல்லக் கூடாததைச் சொல்லக் கூடாது என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு, சொல்லவேண்டியதையும் விழுங்கிவிட்டாள். "தப்புதான்" என்றாள். சாக்கு எதுவும் சொல்லவில்லை.

ரேடியோ இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள். "பொருந்திக்கோங்க. நான் போகப்போறேன். அவங்க பங்கை அங்கே பார்த்துக்கிறேன். உங்க பங்கை மட்டுமாவது விட்டுடுங்க."

அவர் எழுந்தார். குரல் உயரவில்லை. "அவ சாகிற வரைக்கும் தொழுகைப் பாயில உட்கார்ந்து மகளுக்காக அழுதாம்மா. 'நரகத்துல என் பிள்ளை எப்படி இருக்கோ'ன்னு என்னைக் கேட்பா. நானும் நம்பினேன். என் பிள்ளையை நானே சந்தேகப்பட்டேன். அதையெல்லாம் ஒரு வார்த்தையில விடச் சொல்றீங்க. என்னால முடியல. அங்கேயே வச்சுக்கலாம்."

போய்விட்டார். வாசலில் செருப்பை மாட்டும் சத்தம் நிதானமாகக் கேட்டது. ரேடியோவைப் படுக்கவைத்தபோது அவள் அழவில்லை.

"நியாயம்தான் அண்ணி," என்றாள். "நான் அவர் இடத்துல இருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன், மாட்டியிருக்கமாட்டேன்."

அன்றிலிருந்து அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. பார்க்க வந்த பெண்களிடமெல்லாம் ஒரே செய்திதான். "அந்தப் பிள்ளையைப் பத்தி நான் சொன்னது பொய். அண்ணி எதுவும் சொல்லல. அது காய்ச்சல். போய் எல்லார்கிட்டயும் சொல்லு." வந்தவர்கள் நெளிந்தார்கள். "இப்போ எதுக்கு இதெல்லாம், உடம்பைப் பார்த்துக்கோ" என்றார்கள். ரேடியோ விடவில்லை. "நான் சொன்ன பொய்யை ஓடி ஓடிக் கொண்டுபோனீங்களே, உண்மையைக் கொண்டுபோக மட்டும் கால் வலிக்குதா?" இரண்டொருத்தர் கொண்டுபோனார்கள். மற்றவர்கள், ரேடியோவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதைக் கொண்டுபோனார்கள். அந்தச் செய்திதான் வேகமாகப் பரவியது.

"என்கிட்ட எடுத்துக்கொடுக்க என்ன நன்மை இருக்கு சொல்லுங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். "நோன்பு வச்சேன். நோன்போடயே புறம் பேசினேன். கஞ்சி கொடுத்தேன், அதுலயும் செய்தி வாங்கினேன்."

"இருக்கிறதைக் கொண்டு போ. மிச்சத்தை அவன்கிட்ட கேளு."

"அவன் கேட்பானா?"

"மூச்சு தொண்டைக்கு வர்ற வரைக்கும் கேட்பான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

தொழுகைக்கு முன் தண்ணீரால் கை, முகம் கழுவும் உளூவைச் செய்ய முடியாத அளவுக்குப் புண் ஆனபின், அதற்குப் பதிலாக வெந்நீரம்மா சுத்தமான மண்ணை ஒரு தட்டில் கொண்டுவந்து, அவள் கைகளை அதில் தட்டி முகத்திலும் கைகளிலும் தடவிவிட்டாள். கட்டிலைத் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். கண் இமையை அசைத்தே தொழுதாள். தொழுகை முடிந்ததும் தனக்காகக் கேட்பதற்கு முன், கடிகாரக்காரர் மகளின் பெயரையும் மனைவியின் பெயரையும் சொல்லி அவர்களுக்காகக் கேட்பாள். ஊர்க் கதையெல்லாம் சுமந்த வாயில் கடைசியாக அந்த இரண்டு பெயர்கள்தான் தங்கின. பயம் மட்டும் போகவில்லை. பயத்தோடுதான் கிடந்தாள், பயத்தோடுதான் போனாள். "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று வெந்நீரம்மா காதருகே சொன்னபோது உதடு தொடர்ந்து வந்தது. வணக்கத்துக்குரியவன் அவனைத் தவிர யாருமில்லை என்ற அந்தச் சொல் முழுதாக வந்ததா, பாதியில் நின்றதா என்று வெந்நீரம்மாவால் சொல்ல முடியவில்லை.

அவளைக் குளிப்பாட்டியது வெந்நீரம்மாதான். வேறு யாரும் முன்வரவில்லை, வந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டாள்.

பள்ளிவாசலில் அவளுக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மகன் எழுந்து நின்று, வழக்கப்படி, "எங்க அம்மா யாருக்காவது அநியாயம் செஞ்சிருந்தா பொருந்திக்கோங்க" என்று கேட்டானாம். "பொருந்திட்டோம்" என்று கூட்டம் முணுமுணுத்ததாம். கடிகாரக்காரரும் வரிசையில் நின்றார் என்று வந்து சொன்னான். அவர் வாய் அசைந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெந்நீரம்மா போய்க் கேட்கவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் மருந்துக்கடைக்குப் போகும் வழியில்தான் அவர் கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தவர், அவள் கடந்து போகையில் லென்ஸைக் கழற்றினார்.

"நில்லுங்க."

நின்றாள்.

"அன்னைக்குப் பள்ளியில 'பொருந்திட்டேன்'னு நான் சொல்லல. எல்லாரும் சொன்னாங்க. நான் வாயை மூடிட்டு நின்னேன். தொழுகை கடமை, அதுக்குத்தான் வந்தேன். உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

"சரி."

"உங்க மேலயும் எனக்குப் பங்கு இருக்கு."

"தெரியும்," என்றாள். "நான் கேட்டா அவளுக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி ஆயிடும்னுதான் இன்னும் கேட்கல."

"அவளுக்கு இனிமே சொன்னா போய்ச் சேருமா?"

"நீங்க உசுரோட இருக்கிற வரைக்கும் விடலாம். அது உங்க கையில இருக்கு. என் கையில இல்ல."

அவர் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். வெந்நீரம்மா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, மருந்துக்கடை மூடுவதற்குள் போகவேண்டும் என்று நடந்தாள்.